22-60, மறுபடியும் 22-60

அமெரிக்காவோட NBA பாஸ்கெட்பால் லீக்ல ஒரு டீம் 82 மேட்ச் ஆடி 22 ஜெயிக்குது, 60 தோக்குது. அடுத்த வருஷம், இப்படி ஒரு ஆளு இதுவரைக்கும் வந்ததே இல்லன்னு எல்லாரும் சொன்ன 19 வயசு பையன ட்ராஃப்ட்ல, அதாவது டீம்கள் முறை வெச்சு புது ஆளுங்கள எடுக்கிற நாள்ல, முதல் ஆளா எடுக்குது. 7 அடி 4 அங்குலம், பந்த கொண்டு போற உயரம் கம்மியான கார்ட் மாதிரி தட்டிட்டு ஓடுறான், மூணு பாயின்ட் லைன்லேந்தும் போடுறான். சீசன் முடிஞ்சு பாத்தா மறுபடியும் 22-60, ஒரு மேட்ச் கூட குறையல, ஏறல. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், 2023-24, பையன் பேரு விக்டர் வெம்பன்யாமா. எங்க ஆபீஸ் அப்ரைசல் ஃபார்ம்ல இத போட்டா டீமுக்கு என்ன கிடைச்சுதுங்கிற கட்டத்துல என்ன எழுதுவாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

நான் சாஃப்ட்வேர்ல டீம் லீட். காலேஜ் முடிச்சு நேரா வர்ற பசங்கள ப்ராஜெக்ட்டுக்கு தயார் பண்றதுலயே என் வேலைல பாதி போயிடும். அங்க ராத்திரி மேட்ச்னா நமக்கு காலைல ஆறரை ஏழு, ஆபீஸ் கேப் வண்டி வர்றதுக்குள்ள ரெண்டு குவார்ட்டராவது பாத்துடலாம், அதனால அந்த சீசன்ல ஸ்கோர விட இவன எப்படி வளக்குறாங்கன்னுதான் ஜாஸ்தி பாத்துட்டு இருந்தேன்.

ஆரம்பமே அடி. சீசனுக்கு முன்னாடி புது பசங்க ஆடுற சம்மர் லீக்ல முதல் மேட்ச்ல 13 ஷாட் போட்டு 2 தான் உள்ள போச்சு, மொத்தம் 9 பாயின்ட், அன்னிக்கே சில பேரு முடிச்சே விட்டாங்க. அடுத்த மேட்ச்ல 27. சீசன் தொடங்கி அஞ்சாவது மேட்ச்ல ஃபீனிக்ஸ்ல 38 பாயின்ட் அடிச்சு ஜெயிச்சு குடுத்தான், சரி இனிமே ஓட்டம்தான்னு நெனச்சா நவம்பர்ல ஆரம்பிச்சு வரிசையா 18 மேட்ச் தோல்வி. ஸ்பர்ஸ் வரலாற்றுலயே அவ்ளோ நீளமா தோத்தது கிடையாது. அஞ்சு சாம்பியன்ஷிப் வாங்கின கோச் க்ரெக் பாப்போவிச் பெஞ்ச் பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தாரு, அவருக்கு அப்ப வயசு 74, கோர்ட்ல ஆடுனவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு 25 கூட ஆகல.

அந்த தோல்விக்கு காரணம் என்னன்னு பாத்தா எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வரும். ஜெரமி சோகன்னு 20 வயசு பையன், அவன் கூடைகிட்ட ஆடுற ஃபார்வர்ட், அவன பாயின்ட் கார்டா ஆட விட்டாங்க, அதாவது பந்த கொண்டு வந்து யாருக்கு எப்ப குடுக்கணும்னு முடிவு பண்ற வேலை. பழகட்டும், கத்துக்கட்டும்னு சோதனை. தப்பில்ல, ஆனா அந்த சோதனைக்கான விலைய பக்கத்துல நிக்கிற ரூக்கியும், அதாவது முதல் வருஷ ஆளும், சேத்து குடுத்தான். வெம்பன்யாமா கூடை பக்கத்துல கைய தூக்கிட்டு நிப்பான், எட்டடி உயரத்துக்கு மேல ஒரு கை ஃப்ரீயா இருக்கு, பந்து வராது, இல்ல முழங்காலுக்கு வரும். அவனும் ஜாக் காலின்ஸ்ங்கிற இன்னொரு உயரமான ஆளு கூட ஜோடியா பவர் ஃபார்வர்டா ஆடிட்டு இருந்தான், கூடைக்கு அடில இடிபட்டு ஆடுற சென்டரா இல்ல, உடம்பு தாங்கணும்னு. டிசம்பர்ல அவன சென்டருக்கு மாத்துனாங்க. ஜனவரில ட்ரே ஜோன்ஸ, அவர் நிஜமாவே பாயின்ட் கார்ட், ஆரம்ப அஞ்சு பேர்ல கொண்டு வந்தாங்க. ஜோன்ஸ் ஒண்ணும் பெரிய ஸ்டார் இல்ல, ஆனா பந்து போக வேண்டிய எடத்துக்கு போக ஆரம்பிச்சுது, அதே பையன் ரெண்டே வாரத்துல வேற ஆளா தெரிஞ்சான்.

எங்க டீமுக்கு ஒரு பொண்ணு வந்தா, டேட்டாபேஸ்ல அப்படி ஒரு கை, ஆனா அப்ப காலியா இருந்தது டெஸ்டிங் சீட், அதனால அங்க உக்கார வெச்சாங்க, மேல இருக்கவங்க "ஆவரேஜ்"னு எழுதிட்டு போயிட்டாங்க. எடத்த மாத்தி விட்டதுக்கு அப்புறம் அவ எழுதுன ஸ்டோர்ட் ப்ரொசீஜர்லதான், அதாவது டேட்டாபேஸுக்குள்ளயே ஓடுற கோட்லதான், இன்னிக்கும் எங்க ராத்திரி பேட்ச் ஓடுது. "வளர்ச்சி"ன்னு நாம அந்த புள்ள பேர்ல எழுதுறதுல பாதி, எங்க உக்கார வெச்சோம், யாரு பக்கத்துல உக்கார வெச்சோம்ங்கிறதுதான், ஆனா அதுக்குன்னு ஃபார்ம்ல ஒரு கட்டமே கிடையாது.

இன்னொன்னு இந்த மினிட்ஸ், ஒரு மேட்ச்ல எத்தன நிமிஷம் ஆட விடுறாங்கங்கிற விஷயம். டிசம்பர் கடைசில டல்லாஸ்ல வார்ம் அப் பண்றப்ப, பந்து எடுத்து குடுக்குற பையன் ஒருத்தன் கால வெம்பன்யாமா மிதிச்சு, கணுக்கால் பிசகிடுச்சு, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் ஆடுற நேரத்த இறுக்கி பிடிச்சாங்க, அடுத்தடுத்த நாள் மேட்ச்னா ஒண்ணுல ஓய்வு. டிக்கெட் வாங்கினவன் கடுப்பாவான், அவனுக்கே ஆடணும்னு இருக்கும், டீம் தோத்துட்டு இருக்கு, இருந்தும் கடிகாரம் சொன்னா வெளிய வந்து உக்காரணும். ஜனவரி 10, டெட்ராய்ட்ல, 21 நிமிஷத்துல 16 பாயின்ட், 12 ரீபவுண்ட் (உள்ள போகாத ஷாட்ட பிடிக்கிறது), 10 அசிஸ்ட் (கூட ஆடுறவன் பாயின்ட் எடுக்க பந்து குடுக்கிறது). நம்ம ஊர்ல ஒரு ஃப்ரெஷர் சூப்பரா பண்றான்னா அவன் தலைலதான் மூணு பேரு வேலைய கட்டுவோம், சனிக்கிழமையும் வா தம்பின்னு, ரெண்டு வருஷத்துல அவன் பேப்பர் போட்டுட்டு போறப்ப "இந்த காலத்து பசங்களுக்கு பொறுமையே இல்ல"ன்னு சொல்லிக்குவோம்.

பிப்ரவரி 23 லேக்கர்ஸ் மேட்ச் பாத்தவங்களுக்கு தெரியும், 27 பாயின்ட், 10 ரீபவுண்ட், 8 அசிஸ்ட், 5 ஸ்டீல் (எதிராளிகிட்ட பந்த பறிக்கிறது), 5 ப்ளாக் (அவன் ஷாட்ட தட்டி விடுறது). அஞ்சு கட்டத்துலயும் அஞ்சுக்கு மேலயோ அஞ்சோ, அவ்ளோ சின்ன வயசுல யாரும் பண்ணதில்ல. மேட்ச் தோல்வி! மார்ச் கடைசில நியூயார்க் நிக்ஸுக்கு எதிரா 40 பாயின்ட், 20 ரீபவுண்ட், ஓவர்டைம்ல ஜெயிச்சாங்க. கடைசில ஆவரேஜ் 21.4 பாயின்ட், 10.6 ரீபவுண்ட், 3.6 ப்ளாக், ரூக்கி ஆஃப் தி இயர் ஓட்டு போட்ட ஒருத்தர் விடாம அவனுக்கே போட்டாங்க, நல்லா தடுத்து ஆடுனவங்கன்னு வருஷா வருஷம் தேர்ந்தெடுக்கிற லீக்கோட முதல் டிஃபென்ஸ் அணில எடம் பிடிச்ச முதல் ரூக்கியும் அவன்தான். டர்னோவரும், அதாவது பந்த எதிராளிகிட்ட விடுறதும், ஒரு மேட்ச்சுக்கு நாலுக்கு பக்கம் இருந்துச்சு, அதையும் சொல்லணும். ரெண்டு பேரு நடுவுல பந்த கொண்டு போய் தொலைக்கிறத கடைசி மாசம் வரைக்கும் விடல, யாரும் அத பண்ணாதடான்னு தடுக்கவும் இல்ல.

எனக்கு ஒரே குறை, கோர்ட்டுக்குள்ள கேக்குறதுக்கு ஒரு பெரிய ஆளு இல்ல. டக் மெக்டெர்மாட்னு முப்பது தாண்டினவரு ஒருத்தர் இருந்தாரு, அவரையும் பிப்ரவரில இண்டியானாவுக்கு அனுப்பிட்டாங்க. டைம் அவுட்ல கோச் சொல்றது வேற, ஃப்ரீ த்ரோ போடுற நேரத்துல காதுகிட்ட வந்து "அவன் இடது பக்கம்தான் வருவான்"னு ஒருத்தர் சொல்றது வேற. அது ஸ்பர்ஸுக்கும் புரிஞ்சிருக்கணும், 2024 ஜூலைல 39 வயசு பாயின்ட் கார்ட் கிரிஸ் பால எடுத்தாங்க, கூடவே இன்னொரு அனுபவசாலி ஹாரிசன் பார்ன்ஸ். அந்த சீசன்ல கிரிஸ் பால் 82 மேட்சும் ஆடுனாரு. வெம்பன்யாமா தோள்ல ரத்தம் உறைஞ்சு 46 மேட்சோட நின்னுட்டான், அப்படியும் 34 ஜெயிச்சாங்க.

நானும் போன பட்ஜெட்ல ஒரு சீனியர் கேட்டேன், பத்து வருஷமாவது கோட் எழுதுன ஆளு, மீட்டிங் போடாம பசங்க பக்கத்துல உக்காரணும், அவ்ளோதான். அந்த சம்பளத்துக்கு ரெண்டு மூணு ஃப்ரெஷர் வருவாங்களேன்னு சொல்லி ஃப்ரெஷரையே அனுப்பிட்டாங்க. நல்ல பசங்கதான், ஒருத்தன் கேள்வி கேட்டே கொல்றான், இன்னொருத்தன் வாயே தெறக்கல. ஆறு மணிக்கு மேல ரெண்டு பேரும் சீட்ல இருக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன், ரிலீஸ் வாரம் வரட்டும், எத்தன நாளைக்கு இத காப்பாத்த முடியுதுன்னு பாக்கணும்.