மாத்திரையை எண்ணினேன், மில்லிகிராமைப் பார்க்கவில்லை

நாள்தோறும் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, ஆறு நாட்கள் என் மகனுக்கு 10 மில்லிகிராம் மட்டுமே கொடுத்திருக்கிறேன். ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய தினசரி மருந்து எட்டு வாரம் நீண்டது அதனால்தான். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அவனுக்கு வயது ஆறு. காலையில் எழும்போது கண் இமைகள் வீங்கியிருந்ததைப் பூச்சிக்கடி என்று நினைத்தோம். வயிறும் காலும் வீங்கி, சிறுநீர் சோப்பு நுரை போல நுரைத்தபோதுதான் பரிசோதனைக்கு ஓடினோம். நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்றார்கள்: சிறுநீரக வடிகட்டி வழியாக இரத்தத்தின் புரதம் சிறுநீரில் கசிந்து போகிறது. வீக்கத்துக்கு முந்தைய எடை 20 கிலோ என்பதால், கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று கணக்கிட்டுத் தினமும் காலையில் 40 மில்லிகிராம் ஆறு வாரம், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் 30 மில்லிகிராம் ஆறு வாரம் என்று குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பதினோராவது நாள் புரதம் நின்றது. அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

ஐந்தாவது வாரம் மாத்திரை தீர்ந்தது. சீட்டில் 20 மில்லிகிராம் மாத்திரை, காலையில் இரண்டு என்று இருந்தது. வழக்கமான கடை பூட்டியிருந்ததால் பேருந்து நிலையம் அருகே இருந்த வேறொரு கடைக்குப் போனேன். சீட்டை நீட்டினேன், கடைக்காரத் தம்பி மருந்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அட்டைகளை எடுத்து வைத்தார். அட்டை வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். "அதே மருந்துதான்க்கா, கம்பெனி வேற" என்றார். பெயர் ஒன்றாகவே இருந்ததால் நானும் வாங்கி வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மாத்திரை என்று ஒரு நாளும் தவறாமல் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு நாட்குறிப்பு உண்டு. காலையில் முதல் சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, சன்னல் வெளிச்சத்தில் டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு எழுதுவோம். மஞ்சளாகவே இருந்தால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏறப் புரதம் கூடுகிறது. நான்காம் நாள் மஞ்சளில் ஒரு பச்சைச் சாயல் தெரிந்தது. வெளிச்சம் சரியில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்தாம் நாள் ஒரு பிளஸ், ஆறாம் நாள் இரண்டு பிளஸ். அன்று மாலை மருத்துவர் முன்னால் அமர்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை அட்டையைக் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டையின் பின்பக்கம், வெள்ளித் தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ஓர் இடத்தில் நகத்தை வைத்து என் பக்கம் திருப்பினார். 5 மி.கி. என்று இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. அன்றே 40 மில்லிகிராமுக்குத் திரும்பச் சொல்லி, புரதம் தொடர்ந்து மூன்று நாள் இல்லை என்று வந்த பிறகும் தினசரி மருந்தை இரண்டு வாரம் நீட்டினார். மறுநாள் அந்தக் கடைக்குப் போய் அட்டையைக் காட்டினேன். "சீட்டுல இருந்த மருந்தைத்தானே குடுத்தோம்" என்ற பதில்தான் கிடைத்தது. இந்த ஸ்டீராய்டு, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து; அட்டையிலேயே அந்த எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. சீட்டை வாங்கிப் பார்ப்பதென்றால் அளவையும் சேர்த்துப் பார்ப்பதுதானே முறை?

இந்த மருந்து 5, 10, 20, 40 மில்லிகிராம் என்று பல அளவுகளில் வருகிறது. ஆகவே "காலையில் இரண்டு" என்று மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், "காலையில் 40 மில்லிகிராம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையை விட்டு நகருமுன் சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். அட்டையை வெட்டித் தரும்போது அளவு அச்சிட்ட பகுதி உங்களிடம் வருகிறதா என்று பாருங்கள். தீர்ந்த பிறகு வாங்கப் போகாமல், ஒரு வாரத்து மருந்து கையில் இருக்கும்போதே போங்கள். அன்று எனக்கு அவசரம் இல்லாதிருந்தால் பழைய கடை திறக்கும்வரை காத்திருந்திருப்பேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு போராட்டம். பையனின் முகம் நிலா போல் உருண்டுவிட்டது. எந்நேரமும் பசி, எதற்கெடுத்தாலும் கோபம், இரவில் தூக்கம் குறைவு. "ஸ்டீராய்டு விஷம், நாளையிலிருந்து நிறுத்து" என்று மாமியார் அழுதார்கள். அவர்களையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றது நான் செய்த நல்ல காரியம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி நம் உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கிறது என்றும், மாத்திரை பல வாரங்கள் உள்ளே போகும்போது அந்தச் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது என்றும், திடீரென மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் இரண்டும் இல்லாமல் போய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அத்தை அன்று முதல், உப்பு அதிகம் என்று ஊறுகாயையும் அப்பளத்தையும் தாமே ஒளித்து வைக்கத் தொடங்கினார்கள்.

அம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்து வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை என்று கேள்விப்பட்டு அன்றே மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னோம். இந்த அளவு ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மை கடுமையாகலாம். அதற்கான தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால் அப்போது போடவும் முடியாது. அருகில் பழகியிருந்தால் சில நாட்களுக்குள் வேறு ஊசி போட வேண்டியிருக்கும் என்றார். பழகவில்லை, தப்பித்தோம்.

பதினோராவது வாரம் ஓர் உறவினர் திருமணத்துக்கு வெளியூர் போயிருந்தோம். மண்டபச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் விடியற்காலையிலிருந்து வாந்தி. காலை மாத்திரையைக் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் வாந்தியில் வந்துவிட்டது. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கச் சொல்லியிருந்ததால் கொடுத்தேன், அதுவும் வந்துவிட்டது. பையன் துவண்டு மடியில் சரிந்தான். அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், பதிவு செய்பவர் பழைய சீட்டைக் கேட்கிறார். கோப்பு முழுவதும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. "சீட்டு இல்லாம என்ன மருந்துன்னு எழுதறது?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பணி மருத்துவர் வந்து, வாந்திதானே, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள் என்றார். நான் சொன்னேன்: "பிரெட்னிசோலோன், தினமும் 40 மில்லிகிராம் எட்டு வாரம், இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் 30 மில்லிகிராம், மூன்றாவது வாரம். இன்றைய மருந்து உள்ளே நிற்கவில்லை." நாட்குறிப்பின் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். அவர் முகம் மாறியது. எங்கள் மருத்துவரை அழைத்துப் பேசி, கார்ட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் குளுக்கோஸ் கலந்த சலைனும் ஏற்றினார். மதியத்துக்குள் பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். முதல் முறை ஏமாந்திராவிட்டால் அந்த எண்கள் என் நாக்கில் நின்றிருக்காது.

ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினேன். நோயின் பெயர், மருந்தின் பெயர், மில்லிகிராம், தொடங்கிய தேதி, வாந்தியோ கடுங்காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் என்ன ஊசி எவ்வளவு என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்காமல் இது கிடைக்காமல் போகலாம், கேட்டு வாங்குங்கள்.

சென்ற திங்கட்கிழமை கடைசி 30 மில்லிகிராமைக் கொடுத்தேன். பட்டை மஞ்சளாகவே இருக்கிறது. சுரப்பி முழுமையாக விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம் என்பதால் ஒரு வருடத்துக்குக் கடிதம் கூடவே இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒரு படி அவன் பள்ளிப் பையின் உள்ளறையில் இருக்கிறது, ஒன்றை வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன், மூன்றாவதை அத்தை தம் சுருக்குப் பையில் மடித்து வைத்திருக்கிறார்கள்.