கோசோங்

டைல்ஸ் வேலைக்கு ஆசைப்பட்டு வந்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சிங்கப்பூருக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள்தான் எல்லோரும். டைல்ஸ் போகிற வழியில் காலில் இடறியது.

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். 2009இல் எங்கள் தெருவில் இருபது வயது தாண்டிய பையனைப் பார்த்தால் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன்னால் "டெஸ்ட் அடிச்சிட்டியா" என்றுதான் கேட்பார்கள். இங்கே கட்டுமான வேலைக்கு வரவேண்டுமென்றால் சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் அங்கீகரித்த கைத்திறன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதை இந்தியாவிலேயே நடத்துகிறார்கள். கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, பூச்சு வேலை, டைல்ஸ் என்று பல பிரிவுகள். நான் போன இன்ஸ்டிட்யூட்டில் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "கம்பியில கூட்டமா இருக்கு தம்பி. டைல்ஸ்ல ரெண்டு இடம் இருக்கு, போட்டுக்கவா?" சரி என்றேன். பதினைந்து வருஷமாக நான் செய்துகொண்டிருக்கிற தொழிலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஆன நேரம் அவ்வளவுதான்.

பயிற்சி என்றால், ஒரு சின்னச் செங்கல் சுவர், அதன் முன்னால் கொஞ்சம் தரை. காலையில் டைல் ஒட்டுவோம். மாஸ்டர் ரசமட்டம் வைத்துப் பார்த்து மார்க் போடுவார். கலவை இறுகுவதற்குள் சாயங்காலமே எல்லாவற்றையும் பெயர்த்து, கழுவி, அடுக்கிவைப்போம். மறுநாள் அதே டைல், அதே சுவர். எத்தனை பேர் கை பட்டிருக்குமோ, அந்த டைல்கள் எங்களைவிட அனுபவசாலிகள். அளவு, நேர்கோடு, மூலை மட்டம் இவைதான் அங்கே பாடம். ஒட்டியது நிற்குமா என்ற கேள்வி யாருக்கும் வரவில்லை. நிற்கவேண்டிய அவசியமே இல்லையே.

தேறினேன். அம்மாவின் நகை, மாமாவிடம் கைமாற்று, வட்டிக்கு வாங்கியது எல்லாம் சேர்த்து ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டு வந்து இறங்கினால், முதல் நாளே கையில் கொடுத்தது கரண்டி இல்லை, சாக்கு. சான்றிதழில் டைல்ஸ்காரன், வேலையில் உடைத்த கல்லை அள்ளுகிறவன். என்னோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கதை. பூச்சு வேலையில் தேறியவன் சாரம் கட்டினான், பலகையில் தேறியவன் சிமெண்ட் மூட்டை தூக்கினான். அப்போது கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால், அன்றைக்கு என் கையில் கரண்டியைக் கொடுத்திருந்தால் அந்த வீட்டுக்காரர் பாவம்.

நாங்கள் செய்தது பழைய வீவக வீடுகளை, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளை, புதுப்பிக்கிற வேலை. அங் மோ கியோ, பிடோக், தோ பாயோ என்று முப்பது, நாற்பது வருஷத்துப் புளோக்குகள். புது வீட்டில் குளியலறை டைலை முதல் 3 ஆண்டுகளுக்கு உடைக்கவே கூடாது, அடியில் இருக்கிற நீர்க்காப்பு கெட்டுவிடும் என்பதால். ஆகவே குளியலறையை உடைத்துப் புதிதாகச் செய்வதென்றால் பெரும்பாலும் பழைய வீடுதான் எங்களுக்கு. உடைக்கிற வேலைக்கும் கெடுபிடி உண்டு: வார நாள்களில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிவரைதான். சனி, ஞாயிறு கிடையாது. அதனால் ஐந்து மணிக்குள் உடைத்து முடிக்கவேண்டுமென்று மேலே ஒருவர் விரட்ட, கீழே நான் சாக்கு கட்டிக்கொண்டிருப்பேன். லிஃப்டின் உட்சுவரில் பலகை அடித்து மறைத்திருப்பார்கள். அதில் எங்காவது கீறல் விழுந்தால் அதற்கும் திட்டு. 600க்கு 600 மில்லிமீட்டர் டைல் நான்கு உள்ள பெட்டி 30 கிலோ வரும். ஒரு நாளைக்கு அப்படி எத்தனை பெட்டி ஏற்றினேன் என்று எண்ணினால் தூக்கம் வராது, எண்ணியதில்லை.

ஆனால் இரண்டு வருஷம் உடைத்த டைலையே அள்ளியதில் ஒன்று நடந்தது. டைலின் முதுகைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சில டைல்கள் அடியில் பாதிக் கலவையோடு, கொத்துக் கொத்தாய் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். அவை நன்றாக ஒட்டியவை. சில முதுகு துடைத்த தட்டு மாதிரி சுத்தமாக வரும். நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் ஐந்து உருண்டை கலவை வைத்து ஒட்டிய அடையாளமும் தெரியும். யாரோ ஒருத்தர் அவசரத்தில் செய்தது. இருபது வருஷம் கழித்து நான் அள்ளினேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அங்கிள். மலேசியச் சீனர், தினமும் விடியுமுன் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் ஆங்கிலம் 'கேன்', 'கேனாட்' அளவுக்குத்தான். மிச்சமெல்லாம் அவருடைய சந்தை மலாய். அவருக்குச் சித்தாள் வேலை பார்த்தவன் விடுப்பில் ஊருக்குப் போனதால் என்னைக் கூப்பிட்டார். ஒரு வாரத்துக்கு என்றுதான் பேச்சு.

முதல் நாள் நான் ஊர் வழக்கப்படி டைல்களை ஒரு பெரிய வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். எங்கள் ஊரில் சுவர் டைல் என்றால் அப்படித்தான். காய்ந்த டைல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும் என்பார்கள். அங்கிள் வந்து பார்த்தார். ஒரு டைலை எடுத்து அதன் முதுகில் தண்ணீர் விட்டார். தண்ணீர் சேம்பிலை மேல் உருள்வது போல் நின்றது. இது போர்சலின், குடிக்காது. தன் எடையில் அரை சதவீதம்கூட நீரை உறிஞ்சாத டைலுக்குத்தான் அந்தப் பெயர். அது சிமெண்ட் பாலையும் குடிக்காது. வெறும் கலவை அதைப் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. சிரித்துவிட்டு வாளியைக் கவிழ்த்தார். ஒரு துணியை எடுத்து டைலின் முதுகில் இருந்த வெள்ளை மாவைத் துடைத்துக் காட்டினார். சூளையில் ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பூசுகிற மாவு அது. துடைக்காமல் ஒட்டினால் பசை மாவைத்தான் பிடிக்கும். காரணங்களை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அடுத்தது தட்டுவது. பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை (இங்கே டாலருக்கு வெள்ளி என்று பெயர்) எடுத்து, ஒட்டி முடித்த தரையில் வரிசையாகத் தட்டிக்கொண்டே முட்டி போட்டு நகர்வார். நன்றாகப் பிடித்த டைல் 'டக்' என்று வாயை மூடிக்கொள்ளும். அடியில் காற்று இருந்தால் காலிப் பானை மாதிரி 'டொம்' என்று பேசும். அங்கே நின்று, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கோசோங்" என்பார். அந்தச் சொல் எனக்குப் பழக்கம்தான். பரோட்டாக் கடையில் கோசோங் என்றால் முட்டை போடாத பரோட்டா, காப்பிக்கடையில் சர்க்கரை போடாத காப்பி. இங்கே, கலவை போகாத டைல். வெறுமை என்பதற்கு மலாயில் அதுதான் சொல். அவர் தட்டும்போதெல்லாம் நானும் காதைக் கொடுப்பேன். முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், அவர் சொல்லுமுன் எனக்குக் கேட்டுவிட்டது. ஒரு வாரத்துக்கென்று போனவன் அவரோடு ஆறு வருஷம் இருந்தேன்.

வாட்டத்தில், அதாவது தண்ணீர் ஓடத் தரைக்குக் கொடுக்கிற சாய்வில்தான் நான் அடி வாங்கினேன். ஹாலில் தரை மட்டமாக இருந்தால் போதும், 1.2 மீட்டர் மட்டப்பலகையை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது, ஒரு டைலுக்கும் அடுத்ததற்கும் விளிம்பு 1 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கக்கூடாது என்பார்கள் தரம் பார்க்க வருகிறவர்கள். குளியலறை அப்படியில்லை. அங்கே தரை மட்டமாக இருந்தால் தப்பு. நான்கு பக்கமிருந்தும் தண்ணீர் வடிகாலைத் தேடிப் போகவேண்டும், ஆனால் சாய்வு கண்ணுக்குத் தெரியக்கூடாது. முதன்முதலாக ஒரு முழுக் குளியலறையை அங்கிள் என்னிடம் விட்டார். நீர்க்காப்பு பூசி, வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்து ஒழுகவில்லை என்று உறுதியான பிறகு டைல் போட ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் முடித்தேன். கோடெல்லாம் நூல் பிடித்தாற்போல. வீட்டுக்காரம்மாகூட எட்டிப் பார்த்து, "அழகா இருக்கு தம்பி" என்றார். தமிழர்தான், எனக்கு மைலோ கலந்து கொடுத்தார்.

அங்கிள் வந்தார். ஒன்றும் பேசாமல் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து மூலையில் மெல்ல ஊற்றிவிட்டு, குந்தி உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டார். தண்ணீர் வடிகால் பக்கம் கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல், கதவுப் பக்கம் திரும்பிற்று. வாசற்படி அருகே ஒரு உள்ளங்கை அளவு குளம். "ஆயர் தா ஜாலான்," என்றார். தண்ணீர் நடக்கவில்லை. அவ்வளவுதான் திட்டு. பசை இறுகுவதற்குள் பதினான்கு டைலை இரண்டு பேருமாகப் பெயர்த்தோம். அவற்றைக் கழுவும்போது இன்ஸ்டிட்யூட் ஞாபகம் வந்தது. இங்கே பெயர்த்தது வலித்தது.

மற்றவர்கள் வந்த வழியையும் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், இங்கே லிட்டில் இந்தியா என்கிற பகுதியில், உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பரமக்குடி அண்ணன் பெயிண்டர், ஏணியிலிருந்து விழுந்த பிறகு உயரத்துக்குப் பயந்து தரை வேலைக்கு மாறியவர். ஒரு வங்காளத் தம்பி முதலாளியின் டைல் வெட்டும் மெஷினைப் பழுது பார்க்கப் போய், வெட்டுகிறவனாகவே நின்றுவிட்டான். காரைக்குடி பக்கத்துக்காரர் ஒருவரின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருடைய சித்தப்பா ஆத்தங்குடிக் கல் போடுகிறவர். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கையாலேயே ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி எடுப்பார்கள். சூளையே கிடையாது. கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளப்பு. சின்ன வயதில் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது இவருடைய வேலையாம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை, சிங்கப்பூர் வருவதற்காகப் பணம் கட்டி டைல்ஸ் டெஸ்ட் எழுதி, முதல் தடவை தேறவில்லை! இப்போதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

2018 ஜனவரியில் நாள்கணக்கில் மழை, சிங்கப்பூரில் 22 டிகிரி அளவுக்குக் குளிர். பல வீவக வீடுகளில் டைல் கூடாரம் மாதிரி எழும்பிக்கொண்டது. இரவில் வெடிச்சத்தம் கேட்டு எழுந்தோம் என்றார்கள். குளிரில் சுருங்குகிற கான்கிரீட்டும் டைலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை; நெருக்கமாகப் பதித்து, விரிய இடமில்லாமல், அடியில் பிடிப்பும் தளர்ந்திருந்தால் மேலே எழுவதைத் தவிர டைலுக்கு வழியில்லை. அந்த மாதம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. போகிற வீட்டிலெல்லாம் முதலில் முதுகைத்தான் திருப்பிப் பார்த்தேன். பெரும்பாலும் துடைத்த தட்டு. அங்கிள் அதற்கு முந்தின வருஷமே முட்டி வலி தாங்காமல் ஓய்வு பெற்றுவிட்டார். இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடித்திருப்பார்.

இப்போது என்னிடம் பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் டைல்ஸ் தொடங்கியது வீட்டில் இல்லை, தொழிற்சாலையில். புதிய குடியிருப்புகளுக்குக் குளியலறையை முழுப் பெட்டியாகத் தொழிற்சாலையிலேயே செய்து, டைல், குழாய் எல்லாம் பொருத்தி, கிரேனில் தூக்கி மாடியில் வைத்துவிடுகிறார்கள். அங்கே ஒரு வருஷம் ஒரே அளவு சுவர், ஒரே அளவு தரை. சுத்தமான கை அவனுடையது, என்னைவிட வேகம். பழைய வீட்டுக்கு வந்த முதல் நாள், இரண்டு சுவர் சேரும் மூலையில் மூலமட்டத்தை வைத்துப் பார்த்து, "அண்ணே, இந்தச் சுவரே கோணலா இருக்கேண்ணே, யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டான். யாரிடம் சொல்ல! வாசலில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு முழு டைல் தெரியவேண்டும், கோணலையும் வெட்டுத்துண்டையும் அலமாரிக்குப் பின்னால் ஒளிக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன்.

போன வாரம் அவனிடம் ஒரு வெள்ளி நாணயத்தைக் கொடுத்து, தட்டச் சொன்னேன். மூன்றாவது வரிசையில் நிறுத்தி, "இதுவாண்ணே?" என்றான். இல்லை. இன்னும் நாலு தள்ளி, "இது?" இல்லை. ஜன்னலோரம் போய்த் தட்டிவிட்டுத் திரும்பவும் தட்டினான். "கோசோங்," என்றான். சரிதான்.

"அண்ணே, கோசோங்குக்கு நம்ம ஊர்ல என்னண்ணே சொல்லுவாங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஊரில் நான் ஒட்டிய எந்த டைலையும் தட்டிப் பார்த்ததில்லை. சாயங்காலம் எப்படியும் பெயர்க்கப்போகிற டைலை யார் தட்டிப் பார்ப்பார்கள்?

"பெயர்த்து எடுடா," என்றேன்.