கம்பத்துக்காரன் சொல்கிறேன்

தேனி மாவட்டத்துக் கம்பம் என்றதும் வெளியூர்க்காரர்கள் திராட்சையைத்தான் கேட்கிறார்கள், சரி, பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தாச்சு. ஆனால் இந்த ஊர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் விடியுமுன் மெயின் ரோட்டில் வந்து நில்லுங்கள். தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஒவ்வொரு ஜீப்பிலும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள், சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கி வருவார்கள். அந்த ஜீப்பில் உட்காரும் நெருக்கடியைப் பார்த்தால் நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் அடித்து ஊற்றும்போது இங்கே வெறும் காற்றும் சாரலும்தான், மழை மறைவுப் பகுதி என்று புத்தகத்தில் படித்தது இதுதான். அதனால் எல்லாம் பெரியாற்றுத் தண்ணீர். 1895ல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர் லோயர் கேம்பில் கரண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் வயலுக்கு வருகிறது. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் முதல் தேதி திறப்பார்கள், நாற்றங்கால் வேலை சூடு பிடிக்கும். ஜனவரி 15 பென்னிகுக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

திராட்சை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி இருப்பதெல்லாம் மருந்து இல்லை, இயற்கையாகப் படியும் மெழுகும் அப்படித்தான் இருக்கும். கழுவிச் சாப்பிடுங்கள், அது வேறு. பறிக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும், அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை.