லீவு லெட்டர்

எனக்கு வரும் லீவு லெட்டர்களில் பாதி 'அவசர வேலை காரணமாக' என்றுதான் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படி என்ன அவசர வேலையோ! காய்ச்சல் என்றால் தாராளமாக வீட்டில் வையுங்கள். காலையிலேயே ஒரு போன் போதும். தகவல் வராத பிள்ளையைத்தான் நாங்கள் பதறிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது.

மாதம் இரண்டு நாள்தானே என்பார்கள். பத்து மாதத்தில் அது 20 நாள். 200 வேலை நாளில் பத்தில் ஒரு பங்கு போச்சு. அதுவும் திங்கள், வெள்ளியாகவே பார்த்துப் போடுவார்கள். அந்த நாட்களின் பாடவேளைகளே திரும்பத் திரும்ப அடிபடும். பின்னக் கழித்தல் நடத்திய அன்று வராதவன், அடுத்த வாரம் கீழெண்களைச் சமமாக்காமலே மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியாகக் கழித்து வைத்திருப்பான்.

யூனிஃபார்ம், தலைமுடி விஷயத்தில் நான் அவ்வளவு கறார் இல்லை. முதல் மணிக்கு முன்னால் வந்துவிட்டால் சரி.