துட்டு குடுத்து பட்டினி கெடந்த கத

"பட்டினி கெடக்கதுக்கு துட்டு குடுத்து அம்பாசமுத்திரம் பக்கம் போணுமால? வீட்ல கெடந்தா ஆவாதோ?"ன்னு ஆச்சி கேட்டா. பதில் சொல்லத் தெரில.

பெங்களூருல எங்கூட வேல பாக்குற பயலுவ இப்பல்லாம் லீவுக்கு கோவா கீவான்னு போறதில்ல, கேட்டா ஃபாஸ்டிங் ரிட்ரீட்டுங்கான், போயித் தங்கி பட்டினி கெடக்கதாம், அதுல ஒருத்தன் இழுத்த இழுப்புல தான் மலையடிவாரத்துல ஒரு எடத்துல அஞ்சு நாள் இருந்துட்டு வந்தேன் (பேரு வேண்டாம், பில்ல நெனச்சா இன்னும் வயிறு எரியுது).

ஜெர்மனில ஓட்டோ புக்கிங்கர்னு ஒரு டாக்டர், மூட்டுவாதத்துல முடங்குன ஆளு, 1919ல பட்டினி கெடந்து தேறி அதயே வைத்தியமா ஆக்கிட்டாரு, 1953ல யூபர்லிங்கன்ல ஏரிக்கரையில ஆரம்பிச்ச கிளினிக் இன்னைக்கும் ஓடுது, காய் சூப்பு, ஜூஸு, துளி தேனு எல்லாஞ் சேத்து நாளைக்கு 250 கலோரி கிட்ட தான். 2016ல ஜப்பான் விஞ்ஞானி ஓசுமிக்கு நோபல் குடுத்தாலும் குடுத்தாங்க, பட்டினி கெடந்தா ஒடம்புல உள்ள செல்லு தன்னத்தானே சுத்தம் பண்ணுதுன்னு ஆளாளுக்கு அதயே பேசுதான். அவரு பாத்தது ஈஸ்ட்ல, நம்ம வயித்துல இல்ல.

ரெண்டாம் நாள் மண்டையிடி. பசியில இல்ல, காப்பி இல்லாம. 11 மணிக்கு ஒரு டம்ளர் வாழத்தண்டு சாறு, ஸ்பூன்ல தான் குடிக்கணும்னுட்டாங்க, அத முக்கா மணி நேரம் ஓட்டி அடியில கெடந்த ஒத்த நார அஞ்சு நிமிசம் மென்னேன்.

கூட வந்தவன் சுகர் மாத்திர போடுதவன், அதப் போட்டுட்டு வயித்தக் காயப்போட்டா சுகர் சட்டுனு எறங்கிரும், அங்க டாக்டரு மொத நாளே கேட்டு மாத்திரயக் கொறச்சாரு. அதக் கேக்காத எடம்னா பையத் தூக்கிட்டு வந்துருங்க.

எனக்குப் புடிச்சது வேற ஒண்ணு. அஞ்சு நாளா ஒருத்தர் கூட "சாப்ட்டாச்சா"ன்னு கேக்கல. நம்மூர்ல நடக்குமா அது? வீட்ல விரதம்னா அன்னைக்கு தான் இடிசாம்பார் கொதிக்கும், "ஒரு வாய் தானல"ம்பாங்க.

வந்து ஆச்சிட்ட இதச் சொன்னேன், சிரிக்கா. அவ கந்த சஷ்டிக்கு வருசம் தவறாம திருச்செந்தூர் போயி ஆறு நாளும் கோயில்லயே தங்கி பாலும் பழமுமா கெடந்து சூரசம்ஹாரம் பாத்துட்டு தான் வருவா. வீட்ல கெடந்தா ஆவாதோன்னு அவ கேள்விய அவட்டயே போட்டேன்.

வெத்தலயில சுண்ணாம்பத் தடவிக்கிட்டே சொன்னா, "வீட்ல இருந்தா ஒங்க தாத்தாவுக்கும் நாலு பயலுவளுக்கும் யாரு பொங்குவா? அந்த ஆறு நாளு தாம்ல நான் அடுப்புப் பக்கமே போமாட்டேன்."