நிலாப் பண்டிகைக்கு எங்கே போவது?

28 செப்டம்பர் 2025, ஞாயிறு

சிங்கப்பூருக்கு இலையுதிர்காலம் ஏது? ஆனாலும் சீனர்களின் எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் நடு இலையுதிர்கால விழா நெருங்கினால் ஊரே விளக்குக் கட்டிக்கொள்ளும். இந்த ஆண்டு அது அக்டோபர் 6. மகளை எங்கே கூட்டிப் போவது என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது.

இன்று இந்தப் பண்டிகையின் பலகாரமான மூன்கேக் வாங்கப் போனோம். புரட்டாசி என்பதால் வீட்டில் சைவம். தாமரை விதை விழுதுக்கு நடுவே நிலா மாதிரி இருப்பது உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு. சில வகைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். இரண்டும் இல்லாத பெட்டி ஒன்று கேட்டு வாங்கினோம். விரதக்காரர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள், எடுத்துத் தருகிறார்கள்.

4 அக்டோபர், சனி

சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் தரிசனம். பிறகு ஃபேரர் பார்க்கில் ஊதா ரயில் ஏறி நேரே சைனாடவுன். 'ஏ' வாசலில் வெளியே வந்தால் பகோடா தெரு. அந்தப் பெயரில் இருக்கும் பகோடா, அதாவது அடுக்குக் கோபுரம், வேறெதுவும் இல்லை, தெருக்கோடியில் தெரியும் நம் மாரியம்மன் கோயில் கோபுரம்தான். 1827இல் எழுந்த கோயில். விளக்கு அலங்காரத்தையும் கோபுரத்தையும் ஒரே பார்வையில் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் கூட்டத்தில் மகளின் கையை விட முடியவில்லை. அத்தனை வெளிச்சத்தில் நிலாவைத் தேடவும் தோன்றவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

நிலா பார்க்க வேண்டுமென்றால் ஜூரோங்கின் சைனீஸ் கார்டன்தான், சந்தேகமே இல்லை. 1975இல் திறந்த பூங்கா. பல ஆண்டுகள் மூடிப் புதுப்பித்து, போன ஆண்டு செப்டம்பரில் மீண்டும் திறந்தார்கள். 13 வளைவுப் பாலத்தில் நின்றால் ஏரிமேல் வானம் அகலமாக விரிகிறது. பௌர்ணமிக்கு ஒரு நாள் பாக்கி. நிலா தண்ணீரில் உடைந்து உடைந்து கூடியது. வெகுநேரம் யாரும் பேசவில்லை.

6 அக்டோபர், திங்கள்

வேலை நாள். எங்கும் போகவில்லை. ஏழரை மணிக்கு எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். என் மகளுக்கு அவர் 'போ போ', அதாவது பாட்டி.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில், அதாவது தரைத்தளத் திறந்தவெளியில், மேசை போட்டு சீனத் தேநீரும் உரித்த பம்ப்ளிமாஸும் வைத்திருந்தார். எங்கள் மூன்கேக்கை எட்டாக வெட்டினார். பிள்ளைகளிடம் பாட்டுப் பாடும் பேட்டரி விளக்குகள். போ போ கொடுத்ததோ கம்பியில் கண்ணாடித்தாள் ஒட்டிய தங்கமீன், உள்ளே மெழுகுவத்தி. தரையில் மெழுகு சொட்டாமலிருக்க அடியில் ஒரு தட்டும் தந்தார். காற்றில் மூன்று முறை அணைந்தது. மூன்று முறையும் அவர்தான் குனிந்து ஏற்றினார். பேட்டரி விளக்கில் இது கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

நிலாவில் முயல் மருந்து இடிப்பதாக அவர் காட்டினார். நான் பாட்டி வடை சுடும் கதையைச் சொன்னேன். மகள் யோசித்துவிட்டு, "அப்போ பாட்டிக்கு முயல்தான் உளுந்து இடிச்சுக் குடுக்குதாம்மா?" என்றாள்.

வடை என்றால் என்ன என்று போ போ கேட்டார். உளுந்து ஊறப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.