நான் எடுக்கச் சொன்ன புள்ளி

"மேடம், ஸ்டாண்டர்ட் ஸ்டார் எல்லாம் சரியாத்தானே வந்திருக்கு?"

மலைமேல் தொலைநோக்கியில் ஒரு சிறுகோளின் ஒளி எந்தத் திசையில், எவ்வளவு அதிர்கிறது (தளவிளைவு) என்று அளந்துகொண்டிருந்தோம். கருவி சரிதானா என்று பார்க்க, தளவிளைவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்ட் நட்சத்திரங்களையும் அளப்போம். என்னோடு வேலை பார்த்த பையன் கேட்டது இவ்வளவுதான். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. "நிலா இருக்குப்பா, அந்தப் புள்ளியை அட்டவணையிலிருந்து எடுத்துடு" என்றேன். அன்றைக்குச் சிறுகோளுக்குக் கிடைத்த அளவுதான் அந்தப் புள்ளி. நாலு வருஷம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

சிறுகோளிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் நமக்கும் இடையிலான கோணம் 22 டிகிரி. சாதாரணச் சிறுகோள் என்றால் 20 டிகிரி வாக்கில் தளவிளைவு நெகட்டிவிலிருந்து பாசிட்டிவுக்கு மாறிவிடும். அதாவது, ஒளியின் அதிர்வு அந்த மூன்றும் கிடக்கும் தளத்தோடு ஒட்டி இருப்பது மாறி, அதற்குச் செங்குத்தாகத் திரும்பிவிடும். எங்களுக்கு வந்ததோ மைனஸ் 1.1 சதவீதம், பிழை 0.3. ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் அரை அலைத் தகட்டை 0, 22.5, 45, 67.5 என்று நாலு கோணத்திலும் வைத்து எடுத்த படங்கள். தகடு தவறான இடத்தில் நின்றிருந்தால் குறி தலைகீழாகும், உண்மைதான். ஆனால் தளவிளைவு தெரிந்த நட்சத்திரத்தின் கோணம் சரியாக வந்திருந்தது. அவன் கேட்டதும் அதைத்தான்.

பார்பரா என்ற சிறுகோளைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. 30 டிகிரி வரைக்கும் அது நெகட்டிவாகவே இருப்பதை 2006-இல் வானியலாளர் செல்லினோவின் குழு வெளியிட்டது. அதே மாதிரிச் சிறுகோள்கள் அப்புறம் வரிசையாகக் கிடைத்தன. வகுப்பில் நானே ஆசையாகச் சொல்லித் தரும் விஷயம் அது.

என் பக்கமும் நியாயம் உண்டு. ஸ்டாண்டர்ட் நட்சத்திரம் பிரகாசமானது, நிலா வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. எங்கள் சிறுகோளின் பிரகாச எண் 14 (எண் கூடக்கூட மங்கல்), ரொம்ப மங்கல். நிலா வெளிச்சம் பட்ட வானத்தின் ஒளிக்கும் தளவிளைவு உண்டு, நிலாவிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் இடத்தில்தான் அது அதிகம்; மங்கலான சிறுகோளின் அளவை அது கெடுக்கலாம். நட்சத்திரம் சரியாக வந்ததால் மட்டும் சிறுகோளின் அளவு சரியாகிவிடாது. நல்ல பதில்தான். ஆனால் இது எனக்குத் தோன்றியது மறுநாள் மலையிறங்கும் ஜீப்பில். முந்தின இரவு எடுக்கச் சொன்னபோது என் மனதில் இருந்தது, கோணத்துக்கு ஏற்பத் தளவிளைவு மாறுவதைக் காட்டும் அந்த வழக்கமான வளைகோடு மட்டும்தான். புள்ளி அதில் உட்காரவில்லை, அதனால் வேண்டாம் என்றேன். பின்னணி வானத்தைக் கழித்துத்தானே கணக்குப் போடுகிறோம் என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கேட்க விடவில்லையோ என்னவோ.

மறுநாள் முதல் மேகம். எங்களுக்கு ஒதுக்கிய இரவுகளும் முடிந்துவிட்டன. ஒற்றைப் புள்ளியை நம்பிக் கட்டுரை எழுத முடியாது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எழுதாமல் இருப்பது வேறு, அட்டவணையிலிருந்தே எடுப்பது வேறு.

போன மாதம் வேறு எதற்கோ அந்த லாக் புக்கைப் புரட்டினேன். கோப்பு எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "நிலா, வேண்டாம்" என்று என் கையெழுத்து. அதற்கு மேல் வரியில் பென்சிலில் அவன் குறித்திருக்கிறான்: சிறுகோளிலிருந்து நிலா தூரம் 78 டிகிரி, அடிவானத்துக்கு மேல் நிலாவின் உயரம் 12 டிகிரி. என்னிடம் கேட்பதற்கு முன்பே நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.